முழங்கையின் வெளிப்பக்க வலி: டென்னிஸ் எல்போ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் முழங்கை வலியோடு வருபவர்களின் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரரும், அம்மாபேட்டை தறிக்காரரும், ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வரும் தோட்டத் தொழிலாளியும் கேட்பது அதே கேள்விகள். பல மாதம் வலியோடு அலைந்து, ஊசியும் மாத்திரையும் எடுத்துப் பார்த்த பிறகுதான் பலர் வருகிறார்கள். முன்கூட்டியே கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் அந்த மாதங்கள் மிச்சமாகியிருக்கும். அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"டென்னிஸ் எல்போன்னா என்னங்க? மூட்டுத் தேய்மானமா?"

இல்லை, மூட்டு நன்றாகத்தான் இருக்கும். முழங்கையின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் ஒரு எலும்பு முட்டு தட்டுப்படும். மணிக்கட்டையும் விரல்களையும் மேல்நோக்கித் தூக்கும் தசைகளில் பல, அந்த முட்டில்தான் வந்து ஒட்டுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நார்க்கட்டுக்குத் தசைநாண் என்று பெயர். அதில் ஒன்று, நடுவிரலுக்கு நேராக உள்ளங்கை எலும்பின் அடிவரை போகும் தசையின் நாண். தாங்கும் அளவுக்கு மேல் நெடுநாள் வேலை வாங்கும்போது பெரும்பாலும் பழுதாவது அதுதான்.

இதை வெறும் அழற்சி என்றுதான் முன்பு நினைத்தார்கள். ஆபரேஷனில் எடுத்த நாண் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சிக்குரிய அணுக்கள் அதிகம் இல்லை. நார்கள் வரிசை குலைந்து, புரி தளர்ந்த கயிறு மாதிரி கிடந்தன. உடம்பு அதைச் சரிசெய்ய முயன்று முடிக்க முடியாமல் நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஊசி பற்றியும் பயிற்சி பற்றியும் பின்னால் சொல்லப்போவதற்கெல்லாம் இதுதான் அடிப்படை.

"டென்னிஸ் மட்டையை நான் தொட்டதுகூட இல்ல. எனக்கு எப்படி வந்துச்சு?"

இந்த வலியோடு வருபவர்களில் டென்னிஸ் ஆடுபவர்கள் மிகக் குறைவு. 1873-இல் ருங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை முதன்முதலாக விவரித்தபோதே, எழுதி எழுதிக் கை வலித்தவர்களைப் பற்றித்தான் சொன்னார். டென்னிஸ் ஆடுபவர்களின் கை வலி என்று இங்கிலாந்தில் எழுதப்பட்டது 1882-இல்.

எதையாவது இறுகப் பிடிக்கும் வேலை, பிடித்தபடி திருப்பும் வேலை, அதையே மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வது ஆகியவைதான் காரணம். நம்மூரில் அப்படிப்பட்ட வேலைகளுக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளிப் பட்டறையில் குறடு பிடித்துக் கொலுசுக்கு வளையம் கோப்பவர், சேகோ மில்லுக்காக நாள் முழுக்கக் கிழங்கு தோல் உரிக்கும் பெண்கள், தறியில் நாடா இழுப்பவர், சங்ககிரி பக்கம் லாரிக்கு டயர் கழற்றி மாட்டுபவர், லீ பஜாரில் மூட்டை இறக்குபவர், தட்டுவடை செட்டுக்காகத் தினமும் சாயங்காலம் கேரட்டும் பீட்ரூட்டும் துருவித் தள்ளுபவர் என்று பட்டியல் நீளும். வீட்டில் துணி பிழிவதும் மாவுப் பாத்திரத்தை ஒரே கையால் தூக்குவதும் இதில் சேரும். பழக்கமில்லாத வேலையைத் திடீரென்று அதிகமாகச் செய்தாலும் வரும். பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்த அடுத்த வாரம் வலி தொடங்கியவர்கள் ஒவ்வொரு தை மாதமும் வருகிறார்கள்.

பெரியவர்களில் நூற்றுக்கு 1 முதல் 3 பேருக்கு இது இருக்கிறது. 35 முதல் 54 வயதுக்குள் அதிகம். ஆண், பெண் வேறுபாடு பெரிதாக இல்லை. பழக்கமான கையில்தான் பெரும்பாலும் வரும். புகைபிடிப்பவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

"வலி எங்கெங்க வரும்? இதுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

முழங்கையின் வெளிப்பக்க முட்டிலும், அதற்குச் சற்று முன்னால் கட்டைவிரல் அகலத்துக்குள்ளும் தொட்டாலே சுருக்கென்று ஒரு இடம் இருக்கும். "இங்கதாங்க" என்று ஒற்றை விரலால் காட்டிவிடுவார்கள். அங்கிருந்து முன்கையின் மேல்புறமாக மணிக்கட்டு வரை வலி இறங்கலாம். அடிபட்டது போல ஒரே நாளில் வருவது குறைவு. முதலில் வேலை முடிந்த பிறகு லேசான எரிச்சல், அப்புறம் வேலையின்போதே வலி, கடைசியில் சின்ன வேலைக்கும் வலி என்று வாரக்கணக்கில் ஏறும்.

அடுத்த முக்கிய அறிகுறி, பிடி தளர்வது. காபி டம்ளர் கையிலிருந்து நழுவும். தோசைக்கல்லைத் தூக்க முடியாது. பாட்டில் மூடி திறப்பது, கதவுக் குமிழைத் திருகுவது, ஈரத்துண்டைப் பிழிவது, கடை ஷட்டரை மேலே தள்ளுவது, யாராவது கைகுலுக்கினால் அழுத்துவது எல்லாமே வலிக்கும். காலையில் எழுந்ததும் முழங்கையை நீட்டக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அசைத்தால் விட்டுவிடும்.

எது இருக்காது என்பதும் முக்கியம். மூட்டு வீங்காது. சூடும் காய்ச்சலும் இருக்காது. கை மடங்குவதும் நீளுவதும் ஏறத்தாழ முழுமையாக இருக்கும். விரல் மரத்துப்போகாது. இவற்றில் ஏதாவது இருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

"சும்மா இருந்தா வலியே இல்ல. டம்ளர் தூக்கினா மட்டும் உயிர் போகுது. ஏன் இப்படி?"

பிடிப்பது உள்ளங்கைப் பக்கத்து வேலை, வலியோ வெளிப்பக்கத்தில். அதனால் பலருக்கும் இது புதிராகத்தான் இருக்கிறது. விரல்களை மடக்கி எதையாவது பிடிக்கும்போது மணிக்கட்டும் சேர்ந்து உள்ளே மடங்கப் பார்க்கும். மடங்கிவிட்டால் பிடியில் பலம் இருக்காது. உங்கள் மணிக்கட்டை முழுக்க உள்ளே மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், இறுகாது. அப்படி மடங்காமல் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வது வெளிப்பக்கத் தசைகள்தான். ஆகவே எதைப் பிடித்தாலும் அந்த நாண் இழுபடுகிறது.

உள்ளங்கை தரையைப் பார்க்கத் தூக்கினால் சுமை முழுக்க அந்த நாணில் விழும். உள்ளங்கை வானத்தைப் பார்க்கத் தூக்கினால் வேறு தசைகள் வேலையை எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி வலியைத் தவிர்க்கலாம்.

"வீட்லயே சோதிச்சுப் பார்க்க வழி இருக்கா?"

மூன்று விதமாகப் பார்க்கலாம். முழங்கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, முஷ்டி பிடித்து மணிக்கட்டை மேலே தூக்குங்கள். இன்னொருவர் அதைக் கீழே அழுத்தட்டும். முட்டில் வலித்தால் ஒரு அடையாளம். அதே நிலையில் விரல்களை நீட்டி, நடுவிரலை மட்டும் அழுத்தச் சொல்லி மேலே எதிர்த்துத் தள்ளுங்கள். பழுதாகும் நாண் நடுவிரலின் நேர்க்கோட்டுத் தசையுடையது என்பதால் அப்போதும் வலிக்கும். மூன்றாவது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகுப்பகுதியை உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்து, முழங்கையை நீட்டியபடியே தூக்கிப் பார்ப்பது.

மூன்றும் வலித்து, மூன்றாம் கேள்வியில் சொன்ன இடத்திலேயே வலித்தால் பெரும்பாலும் இதுதான். ஆனாலும் ஒருமுறை டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

"எனக்கு உள்பக்கம் வலிக்குது. அதுவும் இதேதானா?"

அது இதன் இரட்டை. மணிக்கட்டை உள்ளே மடக்கும் தசைகள் ஒட்டும் உள்பக்க முட்டில் வருவது, கோல்ஃபர்ஸ் எல்போ என்பார்கள். வழிமுறை ஏறக்குறைய இதேதான், பயிற்சியின் திசை மட்டும் மாறும். ஆனால் உள்பக்க வலியோடு சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், அந்த முட்டுக்குப் பின்னால் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

"கழுத்துல இருந்து இறங்கி வர்ற மாதிரி இருக்கு. விரலும் மரத்துப் போகுது. அப்போ?"

அப்போது முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கழுத்தில் நரம்பு வேர் அழுந்தினாலும் முன்கையின் வெளிப்பக்கம் வலிக்கும். கழுத்தைத் திருப்பினால் வலி கூடுவது, கட்டைவிரல் அல்லது நடுவிரல் பக்கம் மரப்பது, ஊசி குத்துவது போல இருப்பது ஆகியவை அதற்கான குறிகள்.

குழப்பமான இன்னொன்றும் உண்டு. முட்டிலிருந்து மூன்று நான்கு விரற்கடை கீழே, தசைக்குள் ஆழமாக வலித்து, இரவில் படுத்தாலும் குடைந்துகொண்டே இருந்தால், அது முன்கையில் நுழையும் ஒரு நரம்பு அழுந்துவதால் இருக்கலாம். டென்னிஸ் எல்போ என்று சிகிச்சை எடுத்தும் மாதக்கணக்கில் அசையாத சிலருக்குக் காரணம் இதுவாகவோ கழுத்தாகவோ இருப்பதுண்டு. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

"இடது கைல வலி. ஹார்ட் அட்டாக்கா இருக்குமோன்னு பயமா இருக்குங்க."

ஒற்றை விரலால் காட்டக்கூடிய இடத்தில், அழுத்தினாலோ எதையாவது பிடித்தாலோ மட்டும் வலித்தால் அது இதய வலி போல் இல்லை. நடந்தாலோ படியேறினாலோ நெஞ்சில் அழுத்தம், கையோ தாடையோ கனப்பது, வியர்வை, மூச்சு முட்டல், குமட்டல் என்றிருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் இதயத்தை முதலில் பார்ப்பதே சரி. முழங்கை ஒரு நாள் காத்திருக்கும்.

"எக்ஸ்ரே எடுத்தேன், ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க. அப்ப வலி எங்க இருந்து வருது?"

எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு. இது நாணின் பழுது, அதனால் படம் பெரும்பாலும் சுத்தமாகத்தான் வரும். சிலருக்கு முட்டருகே சிறு சுண்ணாம்புப் படிவு தெரியலாம், அவ்வளவுதான். அடிபட்டிருந்தாலோ கை முழுதாக நீளாவிட்டாலோ எக்ஸ்ரே தேவை.

எம்ஆர்ஐ எடுக்கட்டுமா என்று கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்வேன். வலியே இல்லாதவர்களின் நாணிலும் அதில் மாற்றங்கள் தெரிவதுண்டு. ஆபரேஷன் வரை யோசிக்கும் நிலையிலோ நோய் என்னவென்று பிடிபடாதபோதோதான் அதற்குச் செலவு செய்யலாம்.

"வாயுதான், யூரிக் ஆசிட்தான்னு சொல்றாங்களே?"

யூரிக் அமிலத்தால் மூட்டு வலி வருவது உண்மை. ஆனால் அப்போது மூட்டு சிவந்து, வீங்கி, தொடவே முடியாதபடி சுடும். முழங்கையின் பின்பக்க முனையில் நீர் கோத்தது போல வீங்கினால் அதுவும் வேறு கதை. மூன்றாம் கேள்வியில் சொன்ன அடையாளங்கள் மட்டும் இருப்பவர் உருளைக்கிழங்கையும் பருப்பையும் ஒதுக்கி எந்தப் பயனும் இல்லை.

"எத்தனை நாள்ல சரியாகும்?"

நாள் கணக்கில் ஆகாது, மாதக் கணக்குதான். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஓராண்டுக்குள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிறது. முறையாகப் பயிற்சி தொடங்கியவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் நல்ல மாற்றம் தெரியும். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் தசையைவிட மெதுவாகத்தான் ஆறும். பத்து நாளில் குணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"வேலைக்குப் போகாம இருக்க முடியாதுங்க. கைக்கு ஓய்வு குடுன்னா எப்படி?"

இந்தக் கேள்விக்கு "ஓய்வெடுங்கள்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. தினக்கூலிக்காரருக்கு அது பதிலே ஆகாது. முழு ஓய்வு நாணுக்கும் நல்லதில்லை, வேலையே இல்லாத நாண் இன்னும் பலவீனமாகும். குறைக்க வேண்டியது வேலையை அல்ல, வலிக்கும் விதத்தில் செய்வதை.

பிடிமானம் மெல்லியதாக இருந்தால் அதிகம் இறுக்க வேண்டியிருக்கும். குறடின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபையோ துணியையோ சுற்றித் தடிமனாக்குங்கள். கிழங்கு உரிக்கும் கத்தியை அடிக்கடி தீட்டுங்கள், மொட்டைக் கத்திதான் கையைக் கெடுக்கிறது. தூக்கும்போது முழங்கையை மடக்கி, உடம்போடு ஒட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, முடிந்தால் இரண்டு கையாலும் தூக்குங்கள். குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுங்கள். துணியைக் குழாயில் சுற்றி ஒரு பக்கமாக முறுக்கினால் பிழிவது பாதி சுலபம். ஒரே வேலையை மூன்று மணி நேரம் செய்வதற்குப் பதில், அரை மணிக்கு ஒருமுறை கை மாற்றி வேறு வேலை செய்துவிட்டு வாருங்கள்.

பட்டறை முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கை வலிக்கிறது என்று சொல்லும் ஆளை ஆறு வாரம் எடை போடும் இடத்துக்கோ பாக்கிங்குக்கோ மாற்றி உட்கார வைத்தால், கைதேர்ந்த ஒருவரை இழக்காமல் இருப்பீர்கள்.

"நாங்க ஏற்காட்டுல காபித் தோட்டத்துல இருக்கோம். கவாத்து சமயத்துலதான் வலி ஜாஸ்தி. அடிக்கடி கீழ இறங்கி வரவும் முடியாது."

கவாத்துக் கத்திரியை நாளெல்லாம் அழுத்துவது இந்த நாணுக்கு மிகக் கடுமையான வேலை. கத்திரியின் முனை கூர்மையாகவும், வில் எண்ணெய் போட்டு இளகியும் இருக்க வேண்டும். தடித்த கிளையைக் கத்திரியால் நெரிக்காமல் ரம்பத்தால் அறுங்கள். தலைக்கு மேல் கை நீட்டி வெட்டுவதைவிட ஒரு படி ஏறி நின்று மார்பு உயரத்தில் வெட்டுவது நல்லது. பழம் பறிக்கும் காலத்தில் விரல் வேலைதான் அதிகம், அது அவ்வளவு தொந்தரவு தராது. மூட்டை தூக்குவதில்தான் கவனம் வேண்டும். மிளகு பறிப்பவர்கள் ஏணியை ஒற்றைக் கையால் இடம் மாற்றாதீர்கள்.

பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கிளட்ச், பிரேக் பிடித்தே இறங்கினால் அதுவும் கையைப் பாதிக்கும். வலி அதிகமான வாரங்களில் பஸ்ஸில் வாருங்கள். ஒருமுறை வந்து பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டால் போதும், வாராவாரம் இறங்க வேண்டியதில்லை. மலையிலேயே பிசியோதெரபி கிடைக்குமா என்று ஏற்காடு அரசு மருத்துவமனையிலும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், அந்தத் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு.

"எண்ணெய் போட்டு நீவி, சுளுக்கு எடுத்தா போயிடுமா? ஐஸ் வைக்கணுமா, வெந்நீர் ஒத்தடமா?"

முன்கைத் தசைகளை மெல்ல நீவிவிடுவது இதமாக இருக்கும், தப்பில்லை. வலிக்கும் முட்டின் மேலேயே கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பதும், முழங்கையை வெடுக்கென்று இழுப்பதும், மடக்கிய கையை மாவுக்கட்டு மாதிரி வாரக்கணக்கில் கட்டி வைப்பதும் வேண்டாம். கடைசியில் சொன்னது மூட்டையே விறைக்க வைத்துவிடும்.

வேலை முடிந்து எரிச்சலாக இருந்தால் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், காலை விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம். இரண்டும் வலியைத் தணிக்கும், நாணைச் சரிசெய்யாது. டைக்ளோஃபினாக் ஜெல் தடவுவதும் சில வாரங்களுக்கு உதவும். மெடிக்கல் ஷாப்பில் "ஒரு செட் மாத்திரை" வாங்கிப் போடுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். அதில் ஸ்டீராய்டும் சேர்ந்திருப்பதுண்டு. வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் வயிற்றுப் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று வேறு தொல்லைகள் வரும்.

"பெல்ட் வாங்கிட்டேன். எங்க போடணும்?"

வலிக்கும் முட்டின் மேல் அல்ல. அதற்கு இரண்டு விரற்கடை கீழே, முன்கைத் தசை புடைத்திருக்கும் இடத்தில். ஒரு விரல் உள்ளே நுழையும் அளவு இறுக்கம் போதும். வேலையின்போது மட்டும் போடுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். கை மரத்தால் இறுக்கம் அதிகம்.

"பயிற்சின்னா என்ன செய்யணும்? மெஷின் வேணுமா?"

அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை நேராக, அசையாமல் 30 முதல் 45 வினாடி நிறுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி, மொத்தம் ஐந்து முறை, தினமும். பாட்டிலே அதிகம் என்றால் இன்னொரு கையால் புறங்கையை அழுத்தி, அதை எதிர்த்து நிறுத்தினால் போதும்.

ஒன்றிரண்டு வாரத்தில் இது சுலபமானதும் அடுத்த கட்டம். இன்னொரு கையின் உதவியோடு மணிக்கட்டை மேலே கொண்டுபோய், பிறகு வலிக்கும் கையால் மட்டும் மனதுக்குள் நான்கு எண்ணும் வரை மெல்ல இறக்குங்கள். 10 முதல் 15 தடவை, மூன்று சுற்று. இந்த மெதுவான இறக்கம்தான் நாணைப் பழைய பலத்துக்குக் கொண்டுவருவதில் முக்கியமானது. எடையை அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ, அப்புறம் அதற்கு மேல் என்று வாரக்கணக்கில் ஏற்றுங்கள். கடைசிக் கட்டத்தில் முழங்கையை நீட்டிய நிலையிலும் செய்யப் பழக வேண்டும், நம் வேலைகள் பாதி அந்த நிலையில்தான் நடக்கின்றன. தோள் பலமில்லாமல் இருந்தால் அந்தப் பாரமும் முழங்கையில் விழும் என்பதால் தோளுக்கும் பயிற்சி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"செய்யும்போதே வலிக்குது. நிறுத்திடட்டுமா?"

கொஞ்சம் வலிப்பதால் கெடுதல் இல்லை. பத்துக்கு மூன்று நான்கு மதிப்பெண் கொடுக்கும் அளவு வலி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடருங்கள். ஐந்துக்கு மேல் போனாலோ மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ எடையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் செய்துவிட்டு "பலன் இல்லை" என்று விடுபவர்கள்தான் அதிகம், எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

"ஒரே ஊசில சரியாயிடும்னாங்களே? பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மறுநாளே வலி போயிடுச்சு."

ஸ்டீராய்டு ஊசி வலியை வேகமாகக் குறைக்கும் என்பது உண்மை. அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வில் 185 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறாவது வாரம் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேருக்குக் குணம், பிசியோதெரபி எடுத்தவர்களில் 47, ஆலோசனை மட்டும் பெற்றுக் காத்திருந்தவர்களில் 32. ஆனால் 52-ஆவது வாரம் பார்த்தபோது ஊசிக் குழு 69-ஆக இறங்கியிருந்தது. பிசியோதெரபி 91, காத்திருந்தவர்கள் 83. பின்னால் வந்த ஆய்வுகளும் இதே போக்கைக் காட்டின.

முதல் பதிலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். அழற்சி முக்கியப் பிரச்சினையாக இல்லாத இடத்தில் அழற்சியை அடக்கும் மருந்து போடப்படுகிறது. வலி போன தைரியத்தில் பழுதான நாணை மறுநாளே முழு வேலைக்கு விடுகிறோம். ஆகவே என் கருத்து, முதல் மருந்தாக ஊசி வேண்டாம். வலியால் தூக்கமே இல்லை என்ற நிலையில் டாக்டர் ஒன்று போட்டால், அடுத்த சில வாரம் கையைக் காப்பாற்றிக்கொண்டு பயிற்சியைத் தொடங்குங்கள். திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

"எனக்கு சுகர் இருக்கு. ஊசி போடலாமா?"

போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும், வீட்டில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுகர் இல்லாதவர்களுக்கும் ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்து, கொழுப்பு கரைந்து குழி விழலாம். நம் நிறத்தில் அது நன்றாகவே தெரியும்.

"நம்ம ரத்தத்தையே எடுத்துச் சுத்திப் போடுற ஊசி நல்லதாமே?"

பிஆர்பி என்பது அது. ரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து நாணில் செலுத்துகிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021 ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, வெறும் உப்புநீர் ஊசியைவிட அது பெரிதாக உதவவில்லை என்றே முடிவு சொன்னது. கடன் வாங்கிச் செய்துகொள்ள வேண்டிய சிகிச்சை இது இல்லை.

"ஆபரேஷன் வரைக்கும் போகுமா? சச்சினே பண்ணிக்கிட்டாரே?"

ஆமாம், சச்சின் டெண்டுல்கருக்கு இடது முழங்கையில் 2004-இல் இந்தத் தொல்லை வந்தது. 2005 மே மாதம் லண்டனில் ஆபரேஷன், அக்டோபரில் மீண்டும் இந்தியாவுக்காக ஆடினார். முழு நேரமும் கவனிக்க ஆட்கள் இருந்த ஒரு விளையாட்டு வீரருக்கே ஐந்து மாதம் ஆனது.

நூறு பேரில் பத்துப் பேருக்கும் குறைவாகவே இது தேவைப்படும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஒழுங்காகப் பயிற்சி செய்தும், வேலை முறையை மாற்றியும் அசையவில்லை என்றால் எலும்பு மருத்துவரோடு பேசலாம். அதற்கு முன் கழுத்தையும் நரம்பையும் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள், ஏழாவது பதிலில் சொன்ன காரணங்கள் ஒளிந்திருக்கலாம். எம்ஆர்ஐக்கு இடம் உண்டென்றால் அது இங்கேதான். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இதற்கெல்லாம் காட்டலாம்.

"பையனுக்குப் பன்னண்டு வயசு. பந்து வீசுறான், முழங்கை வலிங்கறான். அவனுக்கும் பெல்ட் போடலாமா?"

போடாதீர்கள். அந்த வயதில் டென்னிஸ் எல்போ அரிது. வளரும் எலும்பின் நுனியிலோ குருத்தெலும்பிலோ பிரச்சினை இருக்கலாம், அதைத் தவறவிட்டால் மூட்டே கெடும். பந்துவீச்சை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். கை முழுதாக நீளவில்லை, அல்லது மூட்டு பூட்டிக்கொள்கிறது என்றால் தள்ளிப்போடவே வேண்டாம்.

"இப்ப வலி இல்ல. பழையபடி வேலைக்கு இறங்கலாமா? திரும்ப வருமா?"

வரலாம். வலி போவதற்கும் நாண் முழு பலம் பெறுவதற்கும் இடையில் சில மாதங்கள் உண்டு. ஐந்தாவது கேள்வியின் நாற்காலிச் சோதனையை வலியில்லாமல் செய்ய முடிகிறதா, இரண்டு கையின் பிடியும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் முதல் வாரம் பாதி நேரம், அடுத்த வாரம் முக்கால், அப்புறம் முழு நேரம் என்று ஏறுங்கள். தடித்த கைப்பிடியும் கூரான கத்தியும் அப்படியே இருக்கட்டும். பயிற்சியை வாரம் இரண்டு முறையாவது இன்னும் ஐந்தாறு மாதம் விடாதீர்கள். மறுபடி லேசாக எட்டிப் பார்த்தால், பிடி தளரும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே பாட்டிலை எடுத்து முதல் கட்டப் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள்.